இடித்த தியேட்டர் சுவரில் ஐந்து ஓட்டைகள் எதற்கு? பழைய ஆட்கள் சொல்லுங்களேன்

கேள்வி: இரணியல் பையன்

வேலை பெங்களூரில். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் பக்கத்துப் பழைய தியேட்டரை இடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்தார் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். கூரை, பால்கனி, டிக்கெட் கூண்டு எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு சுவர் மட்டும் நின்றது. அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, ஒரே வரிசையில் ஐந்து ஓட்டைகள். இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு, தள்ளி ஒன்று. ஒவ்வொன்றின் இரு பக்கமும் துருப்பிடித்த இரும்புப் பட்டை. ஒரு படத்தைக் காட்ட ஒரு ஓட்டை போதாதா? ஜே.சி.பி. ஓட்டுகிற அண்ணனிடம் கேட்டேன். "புறாவுக்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது தீபாவளிப் படம் எங்கள் ஊருக்கு முழுப்பரீட்சை சமயத்தில்தான் வரும். பாட்டெல்லாம் பழசாகி, கதை எல்லாருக்கும் தெரிந்த பிறகு. ஆனாலும் கூட்டம் இருக்கும். கல்லூரி முடிக்கும்போது அதே தியேட்டரில் ரிலீஸ் அன்றைக்கே புதுப்படம் போட ஆரம்பித்தார்கள். சுவரெல்லாம் போஸ்டர். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச வருஷத்தில் பூட்டிவிட்டார்கள். புதுப்படம் கிடைக்காதபோது ஓடிய தியேட்டர், கிடைக்க ஆரம்பித்ததும் படுத்தது ஏன்? வீட்டில் கேட்டால் "டி.வி. வந்தது, போச்சு" என்கிறார்கள். டி.வி. அதற்கு எத்தனையோ காலம் முன்பே வந்துவிட்டதே?


பதில்: பழைய ஆபரேட்டர், தக்கலை

புறாவுக்கு இல்லை தம்பி. நீங்கள் பார்த்தது ஆபரேட்டர் அறையின் முன்சுவர். நான் அப்படி ஓர் அறையில் 80களின் நடுவில் ரீல் சுற்றுகிற பையனாகச் சேர்ந்து, பிறகு லைசென்ஸ் எடுத்து, கொட்டகை மூடும் வரைக்கும் இருந்தவன். அதனால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இரண்டு மெஷின் நிற்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு ஓட்டை. ஒன்று வெளிச்சம் போவதற்கு, பக்கத்தில் உள்ளது ஆபரேட்டர் கண் வைத்துப் பார்ப்பதற்கு. தள்ளி இருக்கிற ஐந்தாவது சிலைடு மெஷினுக்கு. ஜவுளிக்கடை விளம்பரம், "முன் இருக்கையில் கால் வைக்காதீர்கள்", அவசரமாக வெளியே கூப்பிட வேண்டிய ஆளின் பெயர் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். கண்ணாடித் துண்டில் மையைத் தடவி, காய்ந்ததும் குச்சியால் கீறி எழுதுவோம். ஒரு நாள் மானேஜர் அனுப்பிய சீட்டில் "பிரசவ வலி, உடனே வீட்டுக்கு வரவும்" என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அப்படியே போட்டோம். மூன்று பேர் எழுந்து ஓடினார்கள்.

மெஷின் ஏன் இரண்டு என்றால், ஒரு ரீல் என்பது 1,000 அடி, பதினோரு நிமிஷம். இரண்டு ரீலை ஒட்டி ஒரே ஸ்பூலில் சுற்றினாலும் இருபத்து இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் சுமார் 13,500 அடி. நீட்டிப் பிடித்தால் நாலு கிலோமீட்டர். இதை நிறுத்தாமல் காட்ட வேண்டுமானால் ஒரு மெஷின் ஓடும்போது அடுத்ததில் ரீல் ஏற்றித் தயாராக நிற்க வேண்டும். ஸ்பூல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு பொட்டு பளிச்சென்று வந்து போகும், கவனித்திருக்கிறீர்களா? முதல் பொட்டுக்கு அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு வினாடி கழித்து இரண்டாவது பொட்டு. அப்போது இந்த ஷட்டரை மூடி அந்த ஷட்டரைத் திறக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் கீழே இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் விசில். எங்கள் தொழிலில் பாராட்டு என்று ஒன்றும் கிடையாது, விசில் வராமல் இருந்தால் அதுதான் பாராட்டு.

அந்த இரும்புப் பட்டைக்குள் முன்பு ஒரு தகடு தொங்கியிருக்கும். அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பியில், சூடு பட்டால் சீக்கிரம் உருகும் ஒரு துண்டு வைத்திருப்பார்கள். அறைக்குள் தீப்பிடித்தால் அது உருகி, தகடு தடாலென்று விழுந்து ஓட்டையை அடைத்துவிடும். ஜனங்கள் இருக்கிற பக்கம் தீயும் புகையும் போகாது. உள்ளே இருக்கிற ஆபரேட்டருக்குப் பின்பக்கம் ஒரு தனி வழி. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும், அதற்குச் செய்த ஏற்பாடு இது. என் காலத்தில் வந்ததெல்லாம் அசிடேட் பிலிம், அவ்வளவு ஆபத்தில்லை. ஆனாலும் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் முதலில் கேட்பது மணல் வாளி எங்கே, தகடு விழுகிறதா என்றுதான்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல்பு கிடையாது. பென்சில் பருமனில் செம்பு பூசிய இரண்டு கரிக்குச்சி, கார்பன் என்போம். நுனியோடு நுனி தொட்டு இழுத்தால் நடுவில் வெள்ளை நெருப்பு நிற்கும். கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளி கூடும், திரை மங்கும். மோட்டார் தள்ளிக்கொடுக்கும் என்று பெயர்தான், கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஸ்பூல் முடிவதற்குள் குச்சி நாலு விரற்கடை குறைந்திருக்கும். ராத்திரி ஊரில் வோல்டேஜ் இறங்கினால் கதாநாயகிக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். கீழேயிருந்து "ஓய் ஆபரேட்டரே, உறங்கியாச்சா?" என்று சத்தம் வரும். பழக்கமான குரல்கள்தான், யாரென்று எனக்குத் தெரியும். மறுநாள் சாயாக் கடையில் அவரே எனக்கு ரசவடை வாங்கித் தருவார்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுதான் சரியான கேள்வி.

திருநெல்வேலியும் நம் கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்து சினிமாக்காரர்களுக்கு ஒரு ஏரியா. டி.கே. என்பார்கள். விநியோகஸ்தர் டி.கே.வுக்கு இத்தனை பிரிண்ட் என்று வாங்குவார். அது முதலில் நாகர்கோவில், நெல்லை, தூத்துக்குடி மாதிரி ஏ சென்டரில் ஓடும். அங்கே தேய்ந்ததும் பி சென்டர். அதற்கும் பிறகு நாங்கள், சி சென்டர். ரீல்கள் அடைத்த தகரப் பெட்டி திருநெல்வேலியிலிருந்து கட்டபொம்மன் பஸ்ஸோ நேசமணி பஸ்ஸோ எது கிடைக்கிறதோ அதன் மேலே ஏறி ஆரல்வாய்மொழி தாண்டி வரும். எங்கள் கைக்கு வரும்போது பிரிண்டில் மழை பெய்துகொண்டிருக்கும். மழை என்றால் கோடு. முந்தைய ஊர் ஆபரேட்டர் பிடித்த பாட்டில் நாலடி வெட்டி வைத்துக்கொண்டிருப்பார். பெட்டியைத் திறந்ததும் ரீல் ரீலாகக் கையில் ஓட்டிப் பார்த்து, ஓரத்துத் துளை கிழிந்த இடத்தை வெட்டி, பிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டுவது என் வேலை. பிலிம் ஓரம் பிளேடு. விரல் இடுக்கில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இந்தத் தாமதம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. முதலாவது, பழைய பெட்டிக்கு வாடகை குறைவு. மூன்று நாள் ஓட்டினாலே கை கடிக்காது. இரண்டாவது, அந்தப் படம் அந்த வாரம் அக்கம்பக்கத்தில் எங்கேயும் கிடையாது. பாட்டு ரேடியோவில் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். 1984-ல் நாகர்கோவில் எஃப்.எம். நிலையம் வந்த பிறகு எங்களுக்கு விளம்பரச் செலவே பாதி குறைந்தது. நாகர்கோவில் போய்ப் பார்த்த நாலு பேர் கதை சொல்லி ஆசையைக் கிளப்பியிருப்பார்கள். மிச்சப் பேர் "நம்ம ஊருக்கு வரட்டும்" என்று காத்திருப்பார்கள்.

டி.வி. அடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நம் பக்கம் ஆன்டெனாவை மேற்கே திருப்பினால் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் கிடைக்கும், மலையாளப் படம் கிடைக்கும். பிறகு டெக் வந்தது, கேசட் போட்டுப் படம் பார்க்கிற வி.சி.ஆர். டி.வி., டெக், நாலு கேசட், ஒரு ராத்திரி வாடகை, முற்றத்தில் பாய் விரித்து ஒரு தெருவே விடிய விடியப் பார்க்கும். 1993-ல் சன் டி.வி. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சதையைத் தின்றது. ஆனாலும் எழுந்து நடந்துகொண்டிருந்தோம்.

2005 வாக்கில் டிஜிட்டல் புரொஜக்‌ஷன் தமிழ்நாட்டில் தலைகாட்டியது. அடுத்த பத்து வருஷத்துக்குள் பிலிம் பிரிண்டே நின்றுபோனது. பெட்டி கிடையாது. எத்தனை திரையில் வேண்டுமானாலும் ஒரே நாளில் போடலாம். நீங்கள் சொன்ன போஸ்டர் அப்போது ஒட்டியதுதான். முதலாளிக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆனால் முதல் நாளே படம் வேண்டுமென்றால் அட்வான்ஸ் கொடு, மினிமம் கேரண்டி கொடு, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு கொடு என்றார்கள். பழைய பெட்டி வாடகை எங்கே, இது எங்கே. சரி, கூட்டம் வருமா? அதே படம் அதே நாளில் நாகர்கோவிலில் ஏ.சி.யில் ஓடுகிறது. பைக்கில் அரை மணி நேரம். எங்களிடம் மின்விசிறி, மூட்டைப்பூச்சி. முன்பு இங்கே பார்க்கவும் அங்கே பார்க்கவும் நடுவில் ஆறு மாத வித்தியாசம் இருந்தது. இப்போது சீட்டும் சவுண்டும் மட்டும்தான் வித்தியாசம், அதில் நாங்கள் ஜெயிக்க முடியாது. எல்லாத் திரையிலும் ஒரே நேரத்தில் போடுவதால் ஏரியா முழுக்கப் பார்க்க வேண்டிய கூட்டம் வெள்ளி, சனி, ஞாயிறில் முடிந்துவிடும். திங்கட்கிழமை காலைக் காட்சிக்குப் பன்னிரண்டு பேருக்கு ஜெனரேட்டர் போட்டிருக்கிறேன்.

அதற்கு மேல் வந்ததெல்லாம் கடைசி உதை. 2017-ல் ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சி வரியும் சேர்ந்து வந்து, ஜூலை மாதம் தமிழ்நாடு பூராவும் தியேட்டரை அடைத்தார்கள். 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் டிஜிட்டல் கட்டணத்துக்காக ஸ்டிரைக், ஏழு வாரம்போல் புதுப்படமே இல்லை. 2020-ல் கொரோனா, மார்ச்சில் மூடியது நவம்பர் 10-ல்தான் திறந்தது, அதுவும் பாதி சீட்டோடு. சொந்தக்காரர் அதற்குள் பிள்ளைகளுக்குள் பாகம் வைத்துவிட்டார். ரோட்டோரம் ஐம்பது சென்ட் இடம் என்றால் அது தியேட்டருக்காகவா காத்திருக்கும்?


பதில்: முந்திரிக்கொத்து

ஆபரேட்டர் அண்ணாச்சி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மேலே அந்த ஓட்டை வழியாகப் பார்த்த தியேட்டர் வேறு, கீழே உட்கார்ந்த தியேட்டர் வேறு.

என் அம்மா மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில், வேலை பார்த்தவர். சனிக்கிழமை கூலி. கூலி வாங்கியதும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து படத்துக்குப் போவார்கள். தமிழ், மலையாளம் எதுவானாலும் சரி, எங்கள் பக்கம் இரண்டும் ஓடும், இரண்டும் புரியும். பெண்கள் டிக்கெட் கூண்டில் கை மட்டும் நுழைகிற மாதிரி ஒரு துவாரம் உண்டல்லவா, அதற்குள் நீளும் கையைப் பார்த்தே உள்ளே இருக்கிறவருக்கு அண்டி ஆபீஸ் கூட்டம் என்று தெரிந்துவிடுமாம். முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும். சாம்பல் தேய்த்தாலும் போகாது. "எத்தனை பேர்?" என்று கேட்காமல் "எத்தனை ஆபீஸ்?" என்று கேட்பாராம் அந்த ஆள். இரண்டு ஆபீஸ் கூட்டம் ஒன்றாக வந்தால் சீட்டு பிடிக்க அடிதடி நடக்கும்.

பெண்கள் பகுதிக்கு நடுவில் இடுப்பளவு சுவர். அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஆண்கள். கழிப்பறை என்று போர்டு இருக்கும், உள்ளே கதவு இருக்காது. அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல்தான் படத்துக்குப் போவார்கள். இதைச் சொல்லும்போது அம்மா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இவர்கள் போவதை நிறுத்தியது டி.வி.யாலும் இல்லை, நீங்கள் சொல்கிற டிஜிட்டலாலும் இல்லை. காலைக் காட்சி என்று ஆரம்பித்தீர்களே, அதனால். வயது வந்தோர் படப் போஸ்டர் ஒட்டிய வாசலில் பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வரும். இரண்டரை மணிக்கு அதே வாசலில் எங்கள் அம்மாவும் சித்தியும் டிக்கெட்டுக்கு நிற்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் "அந்தக் கொட்டகைக்கா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார்கள். அதோடு சரி. 90களில் பாதிக் கூட்டத்தை நீங்களே வெளியே அனுப்பிவிட்டு, பிறகு ஏ.சி. இல்லாததால் யாரும் வரவில்லை என்று சொல்லக் கூடாது.


பதில்: குளச்சல் கரை

எங்கள் பக்கக் கணக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டோம். அதனால் சனி ராத்திரி இரண்டாம் ஆட்டம்தான் எங்கள் ஆட்டம். நல்ல பாடு கிடைத்த வாரம் என்றால் சேர் டிக்கெட், இல்லாவிட்டால் பெஞ்சு. தியேட்டர் மானேஜர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கரைக்கு வந்து மீன் வாங்குகிற மாதிரி நின்று பார்ப்பார், வலை நிறைந்திருக்கிறதா என்று. அதை வைத்துத்தான் பெட்டியை இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வார் என்று எங்கள் மாமா சொல்வார்.

தவக்காலத்தில் தியேட்டர் காற்று வாங்கும். ஈஸ்டர் அன்றைக்கு வாசல் கதவு உடையும்.

ஆனி, ஆடியில் மழை பிடித்தால் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் ஒரு வசனம் கேட்காது. ஏற்கெனவே பார்த்தவன் யாராவது எழுந்து நின்று வசனத்தைச் சொல்வான். சில பேர் படத்தில் இருப்பதை விட நன்றாகவே சொல்வார்கள்.

ஒரு கேள்வி: ஒரே பெட்டியை இரண்டு தியேட்டரில் ஓட்டுவார்கள் என்கிறார்களே, அது உண்மையா, கதையா?


பதில்: தென்கோடி

அகஸ்தீஸ்வரத்துக்காரன் என்ற முறையில் ஒரு சின்னச் செருகல். சினிமா நமக்குப் பார்க்கிற விஷயம் மட்டும் இல்லை. மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளா கொண்டாடுகிற ஜே.சி. டேனியல் எங்கள் ஊர்க்காரர். சொத்தை விற்று முதல் மலையாளப் படத்தை எடுத்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் போட்டபோது, தலித் பெண்ணான பி.கே. ரோஸி நாயர் பெண்ணாக நடித்திருக்கிறாரே என்று திரையில் கல்லெறிந்தார்கள். டேனியல் அதற்குப் பிறகு வேறு கதைப்படமே எடுக்கவில்லை. 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். 1992 முதல் கேரள அரசு அவர் பெயரில் விருது கொடுக்கிறது. பழைய தியேட்டர் என்றாலே எல்லாரும் உருகுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கல்லும் நினைவுக்கு வரும்.


பதில்: பழைய ஆபரேட்டர், தக்கலை

முந்திரிக்கொத்து, நீங்கள் சொன்னது உண்மை. காலைக் காட்சி யாருக்கும் பிடித்துப் போட்டதில்லை. அந்தப் படப் பெட்டிக்கு வாடகை மிகக் குறைவு, போஸ்டர் ஒட்டினால் போதும், கரண்ட் பில் கட்டுகிற காசு அதில் வந்துவிடும். முதலாளி ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார். அந்த மாதம் எங்களுக்குச் சம்பளம் பாதிதான் வந்தது. திரும்பவும் போட்டார், நாங்களும் ஓட்டினோம். ஆனால் அதனால்தான் தியேட்டர் செத்தது என்று முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். காலைக் காட்சி ஒரு நாள்கூடப் போடாத கொட்டகையும்தான் இப்போது கல்யாண மண்டபமாக நிற்கிறது. கழிப்பறை விஷயத்தில் எனக்குப் பேச வாயில்லை. ஆபரேட்டர் அறைக்கும் கழிப்பறை கிடையாது என்பது வேறு கதை, அதைச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

குளச்சல் கரை, ஒரே பெட்டி விஷயம் கதை இல்லை, சத்தியம். கூட்டம் வருகிற படம் என்றால் இரண்டு கொட்டகைக்காரர்கள் பேசி ஒரே பெட்டியை எடுப்பார்கள். எங்களுக்கும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு கொட்டகைக்கும் அப்படி ஓடியிருக்கிறது. இங்கே ஆறு மணிக்கு ஆரம்பித்தால் அங்கே ஏழு மணி. ஒரு ஸ்பூல் முடிந்ததும் சுற்றி, டப்பாவில் போட்டு, பையன் பைக்கில் பறப்பான். நடுவில் ஒரு ரயில்வே கேட். 1979-ல் திருவனந்தபுரம், நாகர்கோவில் லைன் வந்தபோது ஊரே மாலை போட்டு வரவேற்றதாகச் சொல்வார்கள். நான் அந்தக் கேட்டைச் சபிக்காத நாள் இல்லை. கேட் அடைத்துவிட்டால் அந்தக் கொட்டகையில் திரை வெள்ளையாக நிற்கும். அங்குள்ள ஆபரேட்டர் சிலைடை மாற்றி மாற்றிப் போடுவார். ஜவுளிக்கடை, நகைக்கடை, மறுபடி ஜவுளிக்கடை. அதுவும் தீர்ந்தால் திடீரென்று இடைவேளை விடுவார். முறுக்கு, கடலை விற்கிற பையன்களுக்கு மட்டும் அன்றைக்குத் தீபாவளி. நம் ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணனே சின்ன வயதில் நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர்தான், அதனால் அந்தப் பையன்களை நான் லேசாக நினைப்பதில்லை.

ஒரு தடவை ஐந்தாவது ஸ்பூலுக்குப் பதில் ஆறாவது போய்விட்டது. அவர்கள் அதைப் போட்டும்விட்டார்கள். வில்லன் செத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து உயிரோடு வந்து சண்டை போட்டான். நல்ல கைதட்டல் என்று கேள்வி.

தென்கோடி சொன்ன கல் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தரை டிக்கெட்டில் யார், பால்கனியில் யார் என்று மேலேயிருந்து பார்த்தவன் நான். காசு மட்டும்தான் பிரித்தது என்று சொன்னால் பொய்.


பதில்: இரணியல் பையன்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, அந்த மெஷினெல்லாம் என்ன ஆச்சு? நீங்கள் இப்போது தியேட்டருக்குப் போவதுண்டா, இல்லை வெறுத்துவிட்டதா?


பதில்: பழைய ஆபரேட்டர், தக்கலை

மெஷின் இரும்பு விலைக்குப் போனது. எடை போட்டுத்தான் எடுத்தார்கள். வாங்கியவர் லென்ஸைத் தனியாகக் கழற்றி விலை கேட்டார், அவ்வளவு விவரம். சேர்கள் ஒரு டியூஷன் சென்டருக்குப் போயின.

வெறுக்க என்ன இருக்கிறது? மாதம் ஒரு படமாவது நாகர்கோவில் போய்ப் பார்த்துவிடுவேன், பேரன் கூட்டிப் போவான். சீட் சாய்கிறது, சவுண்ட் முதுகுக்குப் பின்னால் வருகிறது, கழிப்பறை சுத்தம். முந்திரிக்கொத்தின் அம்மாவை இப்போது கூட்டிப் போகலாம், தைரியமாகத் தண்ணீர் குடித்துவிட்டே வரலாம். பாப்கார்ன் விலையைப் பற்றி நான் பேசவில்லை, அதற்கு இங்கே தனித் திரியே ஓடுகிறது.

எனக்கு ஒரே ஒரு குறைதான். வெளிச்சம். இப்போது பல இடங்களில் ஜெனான் விளக்கு. அதற்கு இத்தனை மணி நேரம் என்று ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்ததையும் இழுத்து ஓட்டுகிறார்கள், இல்லாவிட்டால் நீண்ட நாள் வரட்டும் என்று ஆம்பியரைக் குறைத்து வைக்கிறார்கள். திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் விழ வேண்டும் என்பது கணக்கு. போன மாதம் பார்த்த படத்தில் ராத்திரிச் சண்டை ஒன்று வந்தது, யார் யாரை அடிக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். படம் எடுத்தவன் அப்படியா எடுத்திருப்பான்? கார்பன் காலத்தில் இப்படி மங்கினால் கீழேயிருந்து என் அப்பா பெயர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த தடவை போனால் படம் தொடங்குவதற்கு முன்னால், வெள்ளைப் பின்னணியில் ஏதாவது விளம்பரம் வரும்போது நாலு மூலையையும் பாருங்கள். நடுவில் வெள்ளையாகவும் ஓரம் அழுக்காகவும் இருந்தால் விளக்கு சரியில்லை. இடைவேளையில் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னேன். வாசலில் நின்ற பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அங்கிள், உங்க சீட் நம்பர் சொல்லுங்க, மாத்தித் தாறேன்" என்றான்.